பிறர் நாட்குறிப்பைப் பிரிக்காதிருப்பாயாக

மனநலம் வேண்டுவோர் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுக என்னும் அறிவுரை இன்று எத்திசையிலிருந்தும் ஒலிக்கின்றது. ஞாயிறு இணைப்பிதழ்கள் அதை எழுதுகின்றன. பள்ளிகளில் ஆலோசகர்கள் அதைக் கூறுகின்றனர். இளையோர் பயிற்சி முகாம்களில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தே அனுப்புகின்றனர். காலையில் எழுதுவதா இரவில் எழுதுவதா, நன்றி கூறத்தக்க மூன்று செய்திகளை முதலில் எழுதுவதா இறுதியில் எழுதுவதா என்பது வரை விளக்கம் கிடைக்கின்றது. எழுதி முடித்த நோட்டை வீட்டில் எங்கே வைப்பது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அவ்வறிவுரைகள் பெரும்பாலும் தனியறையும் அதற்கொரு தாழ்ப்பாளும் உள்ள வீடுகளில் பிறந்தவை. நம் வீடுகளோ வேறு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, எல்லார்க்கும் பொதுவாக ஒரு பீரோ. அந்தப் பீரோவின் சாவி அம்மாவின் இடுப்பில், இல்லையேல் மாதா சுரூபத்தின் பின்னால். இத்தகைய வீட்டில் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் மனத்தை எழுதிவைக்க விரும்பினால், எங்கே வைப்பாள்? தலையணையுறைக்குள் வைப்பாள், புத்தகப் பையின் அடியில் வைப்பாள், சென்ற ஆண்டுப் பாடநூல்களின் நடுவே செருகுவாள். இம்மூன்று இடங்களையும் அவளுடைய தம்பி அறிவான்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றாமற்போவதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுகிறோம். நேரமின்மையைக் காரணம் காட்டுகிறோம். நான் அவற்றை ஏற்கவில்லை. எழுதினால் படித்துவிடுவார்கள் என்னும் அச்சமே முதற்காரணம். ஆகவே எழுத வேண்டியவர்களுக்கு அறிவுரை கூறுமுன், அவ்வீட்டில் உள்ள மற்றவர்களோடு நாம் சற்று வழக்காட வேண்டியிருக்கிறது.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. உறவினர் பலர் முன்னிலையில் நடந்தது. ஊரும் ஆண்டும் வேண்டா. பாட்டியின் மடியில் வளர்ந்த பெண். பாட்டி இறந்தபின், பழைய கணக்கு நோட்டொன்றில் எஞ்சியிருந்த தாள்களில் இரவுதோறும் பாட்டிக்குக் கடிதம் எழுதிவந்தாள். பள்ளியில் நடப்பவை, அம்மாவின் ஏச்சு, அப்பாவின் குடி எல்லாம் அதில் இருந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த சித்தப்பா அந்நோட்டைக் கண்டெடுத்தார். விருந்துக்குப்பின் கூடத்தில் அமர்ந்து, குரலை மாற்றி மாற்றிப் படித்துக்காட்டினார். எல்லாரும் சிரித்தனர். அப்பாவின் குடியைப் பற்றிய பக்கம் வந்தபோது சிரிப்பு நின்றது; அடி விழுந்தது.

சில மாதங்களுக்குப்பின் அத்தாய் என்னிடம் வந்தார். "சாமி, பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது. நீங்க கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். நோட்டைப் பற்றிக் கேட்டேன். "நான் பெத்த பிள்ளைதான சாமி? எங்களுக்குத் தெரியாம அவளுக்குன்னு தனியா என்ன இருக்கு?" என்றார். அச்சொற்களில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. உண்மையான வியப்பு இருந்தது. பிள்ளைக்கென்று ஓர் உள்ளறை இருக்கக்கூடும் என்பதை அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததேயில்லை.

பெற்ற பிள்ளைதான். ஆனால் எதைப் பெற்றோம்? ஆன்மா பெற்றோரால் உண்டாக்கப்படுவதன்று, கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுவது என்று மறைக்கல்வி வகுப்பில் நாமே படித்திருக்கிறோம், பிள்ளைகளுக்கும் படிப்பித்திருக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மனச்சான்றை மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் இடமாகக் காண்கிறது. தனித்திருக்கும் இடம் என்றால் அங்கே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அழைப்பின்றி இடமில்லை. பங்குச் சாமியாருக்கும் இல்லை. மலைப்பொழிவில் ஆண்டவர் கதவடைத்து வேண்டச் சொன்னபோது, அக்கதவுக்கு வெளியே நின்று காது கொடுப்பவரைப் பற்றி அவர் தனியே எச்சரிக்கவில்லை. அத்தகையோர் இருப்பார்கள் என்பதை அறிந்தே கதவடைக்கச் சொல்லியிருக்கலாம்.

எழுதுவதால் உண்மையில் பயனுண்டா என்னும் கேள்வியை முதலில் முடித்துக்கொள்வோம். 1986ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் அமெரிக்க உளவியலார் தம் மாணவி ஒருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர் 46 பேர் நான்கு நாள்கள் தொடர்ந்து, நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினர். சிலர் தம் வாழ்வின் பெருந்துயரை எழுதினர். சிலர் பொருட்படுத்தத் தேவையற்ற அன்றாடச் செய்திகளை எழுதினர். துயரத்தை எழுதியவர்கள் எழுதி முடித்த வேளையில் முன்னிலும் வாடியே இருந்தனர். ஆயினும் அடுத்த ஆறு மாதங்களில், நடந்ததையும் அதனால் தாம் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ நிலையத்தை நாடியது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னர் இத்தகைய ஆய்வுகள் 146-ஐத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு 2006இல் வெளிவந்தது. பயன் உண்டு, ஆனால் அது சிறியது என்பதே அதன் முடிவு. நாட்குறிப்பை எல்லா நோய்க்கும் மருந்தாக விற்பவர்கள் இந்தச் 'சிறியது' என்னும் சொல்லை விழுங்கிவிடுகின்றனர். சிறிய பயன்தான், செலவும் ஒரு குயர் நோட்டின் விலைதான்.

ஆனால் அந்த முதல் ஆய்வில் வேறொரு செய்தி இருக்கிறது. எழுதுவது எவர் என்று வெளியே தெரியாது என்னும் உறுதி அம்மாணவர்களுக்கு முன்னதாகவே கொடுக்கப்பட்டது. எழுத்துக்கு அடித்தளம் அந்த உறுதியே. அதை நீக்கிப் பாருங்கள். தந்தை படிக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டு எழுதும் மகள் தந்தைக்காகவே எழுதுவாள். "இன்று காலை எழுந்தேன், செபம் செய்தேன், பள்ளிக்குச் சென்றேன்" என்று நல்ல பிள்ளையின் வேடம் பூணுவாள். நாள் முழுதும் போட்ட வேடத்தை இரவிலும் கலைக்க முடியாதென்றால், அப்பதினைந்து நிமிடம் அவளுக்குக் கூடுதற்சுமை. நாட்குறிப்பை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, சிவப்பு மையால் திருத்தி, 'நன்று' என்று கையொப்பமிடும் பள்ளிகளும் இதையேதான் செய்கின்றன. மொழிப் பயிற்சிக்கு அது உதவலாம். அதை மனநலப் பயிற்சி என்று அழைக்க வேண்டா.

"பாவசங்கீர்த்தனம் இருக்கும்போது நாட்குறிப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு, பக்தியுள்ளவர்களே அதிகம் கேட்கின்றனர். ஒப்புரவு அருட்சாதனம் பாவத்திற்கு மன்னிப்பு அளிப்பது. துக்கம் பாவமன்று. தேர்வில் தோற்றது பாவமன்று. பத்தாண்டாகக் குழந்தையில்லாதது பாவமன்று. மாமியார் சொன்ன ஒரு சொல் பதினைந்து ஆண்டாக நெஞ்சில் தைத்திருப்பது பாவமன்று. இவற்றை வைக்க இடமின்றித்தான் பலர் தொட்டிக்கு வந்து கணவனின் பாவங்களையும் நாத்தனாரின் பாவங்களையும் வரிசையாகச் சொல்கின்றனர். அதைக் கேட்டுப் புன்னகை செய்யாத குரு எவரும் இலர். ஆனால் பின்னால் நாற்பது பேர் நிற்கும் வரிசையில், அப்பெண்ணுக்கு நாம் கொடுக்கக்கூடியது இரண்டு நிமிடம். புனித பவுஸ்தீனாவின் நாட்குறிப்பை வீடுதோறும் வைத்திருக்கிறோம். அது எப்படி உண்டாயிற்று என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? அவருடைய பாவசங்கீர்த்தனக் குருவான மிக்கேல் சொபோச்கோ, அவர் சொல்வதையெல்லாம் தொட்டியில் அமர்ந்து கேட்க நேரமில்லாமையால், எழுதிவைக்கும்படி அவரிடம் கூறினார். அந்நூல் அவ்வாறு பிறந்தது. பாவசங்கீர்த்தனத்தையும் நாட்குறிப்பையும் எதிரெதிரே நிறுத்துபவர்களுக்கு அந்தப் போலந்து நாட்டுக் குருவே விடை சொல்லிவிட்டார்.

நாட்குறிப்பு மேல்நாட்டுப் பழக்கம் என்னும் மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761இல் தாம் இறக்கும் காலம் வரை தமிழில் எழுதினார். ஆளுநர் தூப்ளேக்சின் துபாஷியாக இருந்துகொண்டே, ஆளுநரின் மனைவி தமக்குச் செய்த இடுக்கண்களையும் எழுதினார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதில் நம் குருக்கள் கொண்ட பங்கையும், தம் மனக்கொதிப்பையும் எழுதினார். வாசிக்க நமக்குச் சுடுகிறது. அந்தக் கையெழுத்துப் படிகள் 1846இல்தான் பிறர் கவனத்துக்கு வந்தன. அவர் உயிரோடிருந்தபோதே ஆளுநர் மாளிகையில் அது படிக்கப்பட்டிருந்தால், துபாஷியும் எஞ்சியிருக்கமாட்டார்; உண்மையும் எஞ்சியிருக்காது.

இனி, எனக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்றுண்டு. அது இறையியல் அறிந்தவர்களிடமிருந்தே வரும். திருச்சபை மரபில் எழுதுதல் என்பது பிறர் படிப்பதற்காகவே அன்றோ என்பர். வனத்துப் புனித அந்தோனியார் தம் துறவியரிடம், ஒவ்வொருவரும் தம் செயல்களையும் உள்ளத்தின் அசைவுகளையும் ஒருவர்க்கொருவர் அறிவிக்கப்போவதுபோல் எழுதிவைக்கச் சொன்னதாக, புனித அத்தனாசியார் எழுதிய வரலாறு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஏணி என்னும் நூலை எழுதிய புனித யோவான் கிளிமாக்குஸ், தாம் கண்ட மடமொன்றில் உணவறைப் பொறுப்பாளர் தம் இடைவாரில் சிறு ஏடொன்றைக் கட்டியிருந்ததையும், அன்றன்றைய எண்ணங்களை அதில் எழுதி மடத்தலைவரிடம் காட்டியதையும் குறித்திருக்கிறார். புனித குழந்தை தெரசம்மாள் 1895இல் எழுதத் தொடங்கியதும் தலைவியின் கட்டளைப்படியே.

இம்மூன்றையும் மறுக்கவில்லை; கூர்ந்து பார்க்கச் சொல்கிறேன். அந்தோனியார் சொன்னது 'அறிவிக்கப்போவதுபோல்'. ஏடு தானே பிறர் கண்களின் இடத்தில் நிற்கட்டும் என்பது அவர் கருத்து. ஏட்டைப் பிடுங்கிப் படியுங்கள் என்று அவர் எவர்க்கும் சொல்லவில்லை. கிளிமாக்குஸ் கண்ட ஏடு எங்கே இருந்தது? எழுதியவரின் இடைவாரில் இருந்தது. அவரே அவிழ்த்தார், அவரே காட்டினார். தலைவர் உறங்குபவரின் இடுப்பிலிருந்து அதை உருவவில்லை. தெரசம்மாளின் தலைவியோ அவருக்குத் தாயினும் மேலாக இருந்து வளர்த்த சொந்த அக்காள். அத்தனை அன்புள்ள அக்காளும் என்ன செய்தார்? தங்கை 1897இல் இறந்தபின், மறு ஆண்டில் அந்நூலை வெளியிட்டபோது, ஏராளமான இடங்களில் திருத்தியே வெளியிட்டார். தெரசம்மாள் எழுதியவாறே உலகம் காண 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்போடு படிப்பவரும் திருத்தாமல் இருப்பதில்லை.

இஞ்ஞாசியாரைப் பார்ப்போம். நாள்தோறும் ஆன்ம சோதனை செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு குறிப்பிட்ட குறையை வெல்ல, நாளுக்கு இரண்டு கோடுகள் வரைந்து, விழுந்த முறைகளைப் புள்ளிகளாக இடச் சொன்னார். அத்தாளை எவர் எடுத்துப் பார்த்தாலும் புள்ளிகள் தெரியும், பாவம் தெரியாது. அவரே தமக்கென ஆன்மீக நாட்குறிப்பும் எழுதினார். 1544 பெப்ருவரி முதல் 1545 பெப்ருவரி வரையிலான பகுதி இன்று எஞ்சியிருக்கிறது. சபையின் ஏழ்மையைப் பற்றிய ஒரு முடிவுக்காக மன்றாடிய நாள்கள் அவை. திருப்பலியில் கண்ணீர் வந்ததா, வரவில்லையா என்பதைக்கூட நாள் தவறாமல் குறித்திருக்கிறார். 1555இல், தம் வாழ்க்கை வரலாற்றை அவர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியவர் கொன்சால்வஸ் ட காமரா என்னும் குரு. இஞ்ஞாசியார் அவரிடம் தம் தாள்கட்டு ஒன்றைக் காட்டினார். அதிலிருந்து சிறிது படித்தும் காட்டினார். அத்தாள்களைச் சற்று நேரம் என்னிடம் விட்டுவைப்பீரா என்று காமரா வேண்டினார். இஞ்ஞாசியார் மறுத்துவிட்டார். கேட்டவர் பகைவரல்லர், அவரே தேர்ந்துகொண்ட நம்பிக்கைக்குரிய மகன். காரணமும் கூறாமல் மறுத்தார் என்பதே நமக்குப் பாடம். 'ஏன் காட்டமாட்டேன் என்கிறாய்? ஒளிக்க ஏதோ இருக்கிறது' என்று பிள்ளைகளை மடக்குகிறோமே, அந்தக் கேள்வியை இஞ்ஞாசியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

திருச்சபையே பட்டறிவால் இதைக் கற்றது. துறவற இல்லங்களில் தலைவர்கள், குறிப்பாகத் தலைவியர், தம் கீழுள்ளோரின் உள்ளத்து இரகசியங்களைச் சொல்லும்படி வற்புறுத்தும் வழக்கம் பெருகி, அதனால் பல ஆன்மாக்கள் நொறுங்கின. 1890 டிசம்பர் 17 அன்று, திருத்தந்தை 13ஆம் சிங்கராயரின் ஆணைப்படி உரோமை ஒரு தீர்ப்பாணை விடுத்து அதைத் தடுத்தது. அவ்வாணையை ஆண்டுக்கொருமுறையேனும் ஒவ்வொரு இல்லத்திலும் உரக்க வாசிக்கவும் கட்டளையிட்டது. அத்தனை தேவை இருந்தது போலும். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அத்தடையை எல்லாத் துறவியர்க்கும் விரித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 630ஆம் சட்டம் அதையே மீண்டும் கூறுகிறது: துறவி தானாக விரும்பித் தலைவரிடம் உள்ளத்தைத் திறக்கலாம், திறக்கும்படி தலைவர் எவ்வகையிலும் தூண்டலாகாது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்கே இந்தக் காவல் என்றால், அத்தகைய வார்த்தைப்பாடு எதுவும் கொடுத்திராத நம் வீட்டுப் பிள்ளைக்கு அதனினும் குறைந்த காவலா? அதே தொகுப்பின் 220ஆம் சட்டம், தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள எவர்க்கும் உள்ள உரிமையை மீறலாகாது என்கிறது. நம் நாட்டு உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எல்லா இடத்திலும் சட்டம் வந்துவிட்டது; நம் கூடத்திற்குள் மட்டும் வரவில்லை. மாணவர் பெட்டியைச் சோதிக்கும்போது நோட்டுகளையும் புரட்டிப் படிக்கும் விடுதிக் காப்பாளர்கள், நம்மவர் நடத்தும் விடுதிகளில் இருந்தாலும், அவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெட்டியில் சாராயம் தேடலாம். நோட்டில் சாராயம் இராது.

"அதெல்லாம் சரி சாமி, படித்திருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாமே?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வீர்?

இக்கேள்விக்கு முன் என் வாதத்தின் வேகம் குறைந்தாக வேண்டும். உயிர் முதன்மையானது. ஒரு பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாள் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால், அவளைக் காக்க நோட்டைத் திறப்பது குற்றமன்று. ஆனால் நோட்டு முதற்படியன்று, இறுதிப்படி. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, தனக்குப் பிரியமான பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல், நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்பது போன்ற பேச்சு ஆகிய அடையாளங்கள் நோட்டில் எழுதப்படுமுன் வீட்டில் எல்லார் கண்முன்னும் நடமாடுகின்றன. அவற்றைக் கண்டவுடன் அருகில் அமர்ந்து வாயால் கேளுங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?" என்றே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்பது தவறான அச்சம். கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை என்றும், கேட்கப்பட்டவருக்கு ஆறுதலே பெரும்பாலும் விளைகிறது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் தெளிவாகக் கூறுகிறது. ஆம் என்று விடை வந்தால், திட்டக்கூடாது, தனியே விடக்கூடாது, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நடு இரவானால் 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் உதவி கிடைக்கும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய அச்சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் வாய் திறக்கவில்லை, அச்சமும் தீரவில்லை என்றால் நோட்டைத் திறவுங்கள். திறந்ததை அவளிடம் மறைக்காதீர்கள். "உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்து படித்தேன்" என்று சொல்லிவிடுங்கள். அதில் உயிருக்கு இடர் விளைக்கும் செய்தி தவிர வேறு எதைக் கண்டாலும், அதைக் காணாதவர்போல் இருக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். இங்கேதான் நம்மில் பலர் வழுக்குகிறோம். பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லி நோட்டைத் திறக்கிறோம். உள்ளே ஒரு பையனின் பெயர் இருக்கிறது. அவன் வேறு சாதி என்று தெரிகிறது. அன்றிலிருந்து பிள்ளையின் உயிரைப் பற்றிய பேச்சு நின்று, குடும்பத்தின் மானத்தைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. நாம் அஞ்சிய ஆபத்து எது என்பது அப்போது வெளிச்சமாகிறது. ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகிறவர்கள் நாம். சாதிக்காக மகளின் நோட்டை உளவறிவதை அக்கறை என்று அழைப்பதற்கு எனக்கு நா எழவில்லை.

கைபேசியைப் பற்றிக் கேட்பீர்கள். கைபேசி தெரு, அதன் வழியே அறியாதவர்கள் உள்ளே வருகிறார்கள், சிறு பிள்ளைகளிடம் பொல்லாதவர்களும் வருகிறார்கள். அதைப் பெற்றோர் கண்காணிப்பதில் நியாயம் உண்டு. நோட்டுப் புத்தகம் அறை. தெருவையும் அறையையும் ஒன்றாக எண்ண வேண்டா. இதனாலேயே நாட்குறிப்பைக் கைபேசியில் எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கெனத் தனிச் செயலிகள் வந்துவிட்டன. ஆப்பிள் நிறுவனமே 2023 டிசம்பரில் ஒன்றை வெளியிட்டது. ஆயினும் எழுதும் வேளையிலேயே வாட்ஸாப் மணியடிக்கும் ஒரு பொருளில் மனம் எவ்வாறு அமரும்?

எழுத விரும்புவோர்க்குச் சில சொற்கள். அழகிய அட்டை போட்ட விலையுயர்ந்த நாட்குறிப்பு வேண்டா. அதில் அழகாகவே எழுதத் தோன்றும். தேதி அச்சிட்ட டைரியும் வேண்டா. விடுபட்ட நாள்களின் வெற்றுத்தாள்கள் நம்மைக் குற்றஞ்சாட்டும். கோடிட்ட சாதாரண நோட்டு போதும். நாள்தோறும் எழுதியாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. பென்னிபேக்கரின் மாணவர்கள் எழுதியது நான்கே நாள்கள்.

எழுத எழுதத் துயரம் வளர்கிறதே என்பவர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. ஒரே வருத்தத்தை மாடு அசைபோடுவதுபோல் மீண்டும் மீண்டும் மெல்லுவது மனச்சோர்வை நீட்டிக்கும் என்பதை சூசன் நோலன்-ஹோக்சிமா என்னும் உளவியலாரின் ஆய்வுகள் காட்டின. ஆகவே தீர்ப்பை எழுதாமல் நிகழ்ச்சியை எழுதுக. "அவர் என்னை மதிப்பதேயில்லை" என்பது தீர்ப்பு. "மாலை ஆறு மணிக்கு, விருந்தினர் முன், உனக்கென்ன தெரியும் என்றார், என் கையில் இருந்த காப்பித் தம்ளர் நடுங்கியது" என்பது நிகழ்ச்சி. இரண்டாவதை எழுதியவர், அடுத்த வரியில் தாம் ஏன் நடுங்கினோம் என்பதை ஆராயத் தொடங்குவார். முதலாவதை எழுதியவர் அடுத்த வரியிலும் அதையே எழுதுவார். எவரை நோக்கி எழுதுவது என்பதும் உதவும். அகுஸ்தினார் தம் அறிக்கைகள் முழுவதையும் இறைவனை முன்னிலையாக்கியே எழுதினார். கடவுளை நோக்கி எழுதும்போது மாமியாரைப் பற்றிப் பொய் சொல்வது சற்றுக் கடினம். மூன்று வாரமாக ஒரே செய்தியை ஒரே சொற்களால் எழுதிக்கொண்டிருந்தால், நோட்டை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் செல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறிக. மருத்துவரிடம் செல்வதாயினும் வெட்கம் வேண்டா.

பெற்றோரே, பிள்ளையின் மனநலத்தில் அக்கறையிருந்தால் நோட்டோடு ஒரு பூட்டும் வாங்கிக் கொடுங்கள். பீரோவில் ஓர் இழுப்பறையை ஒழித்து அதன் சாவியை அவளிடமே விடுங்கள். மாற்றுச் சாவி வைத்துக்கொள்ளாதீர்கள். கணவர்களே, இது உங்கள் மனைவியர்க்கும் பொருந்தும். முப்பது ஆண்டு இல்லறத்தில் தமக்கென ஓர் இழுப்பறை இல்லாத பெண்கள் நம் பங்குகளில் எத்தனை பேர் என்று வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் எண்ணுகிறேன்.

எழுதியவர் இறந்துவிட்டால் நோட்டை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருக்கின்றனர். திருத்தந்தை 23ஆம் அருளப்பர், 1895இல் பதினான்கு வயதில் குருமடத்தில் தொடங்கிய ஆன்மீகக் குறிப்புகளை ஏறத்தாழ இறுதிவரை எழுதினார். அவற்றை வெளியிடும் இசைவைத் தாமே தம் செயலாளரிடம் கொடுத்துச் சென்றார். அவர் இறந்த மறு ஆண்டு, 1964இல், அவை நூலாயின. அன்னை தெரசாவோ தம் கடிதங்களை அழித்துவிட வேண்டினார். அவை காக்கப்பட்டு 2007இல் அச்சேறின. அது சரியா என்று அறிஞர்கள் வாதிடட்டும். நம்மைப் போன்றோர்க்கு எளிய வழி இருக்கிறது. நோட்டின் முதற்பக்கத்தில், தேதியிட்டு, கையொப்பமிட்டு, 'என் காலத்துக்குப்பின் இதைப் படிக்காமல் எரித்துவிடவும்' என்றோ, 'இன்னாரிடம் கொடுக்கவும்' என்றோ ஒரு வரி எழுதிவைக்கலாம். எரிக்கச் சொல்லியிருந்தால் எரித்துவிடுங்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும் கைகளால் அதையும் செய்யலாம்.